ஆணியில் தொங்கிய பெல்ட்

மண் நிரப்பிய பால்பவுடர் டின்னை வலக்கையில் பிடித்துக்கொண்டு பொன்னுரங்கம் சுவரோரமாக நின்றான். தூக்க வேண்டும், இறக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ராயப்பேட்டையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி தெருக்கோடி வரை போய்வந்துவிடும். பொன்னுரங்கத்துக்கோ அதற்குள் மேலுதட்டில் வேர்த்துவிட்டது. போன வருஷம் மாநிலப் போட்டியில் இரண்டாவதாக வந்த கை அது. மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்கு அதைப் பார்த்தபோது யாரோ தன் கையை எடுத்துக்கொண்டு ஒரு முருங்கைக்காயை மாட்டி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

கசரத்துக்கூடத்தின், அதாவது அந்த உடற்பயிற்சிக் கூடத்தின், நடுவில் பளு தூக்கும் பார் தரையில் விழுந்தது. சத்தத்தைக் கேட்டே எவ்வளவு எடை என்று அவனால் சொல்ல முடியும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பார்த்தான். வெள்ளைத்துரை பிடி வழுக்காமல் இருக்க இரண்டு உள்ளங்கையிலும் சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டு நின்றான். இடுப்பில் ஒரு காசித்துண்டை நாலாக மடித்து இறுக்கிச் சுற்றியிருந்தான். அந்தத் துண்டைப் பார்த்ததும் பொன்னுரங்கத்துக்கு உள்ளே ஒரு சந்தோஷம். கேவலமான சந்தோஷம்தான், அது அவனுக்கும் தெரியும். ஆனால் இந்த நாலைந்து மாதமாக அவனுக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதானே, அதை விடுவானேன்?

துண்டு எதற்கென்றால், பெல்ட் ஆணியில் தொங்கியது.

ஆஞ்சநேயர் படத்துக்குக் கீழே அடித்திருந்த ஆணியில் தொங்கிய அந்தத் தோல் பெல்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கை அகலம் இருக்கும். எண்ணெயும் வேர்வையும் ஏறி ஏறிக் கறுத்துப்போனது. அந்தக் கூடத்தில் எவன் அதிக எடை தூக்குகிறானோ அவன்தான் அதைக் கட்டலாம். அவன் தன் கையால் எடுத்து இன்னொருவன் இடுப்பில் பூட்டிவிடும் வரைக்கும் வேறு யாரும் தொடக் கூடாது. கேட்கவும் கூடாது. கேட்டால் பெல்ட்டுக்கு மரியாதை இல்லை. இன்னொன்றும் உண்டு. பூட்டிவிடுகிறவன் எந்தத் துளையில் பூட்டுகிறானோ அந்தத் துளையிலேதான் வாங்கிக்கொண்டவன் முதல் மேடை ஏற வேண்டும். நடுவில் அவிழ்த்துத் தளர்த்தினால் அன்றைக்குப் பார் தலைக்கு மேலே போகாது. இதையெல்லாம் யார் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கூடத்தை நடத்துகிற வஸ்தாத் ஷரீஃப் பாய்க்கே தெரியாது. அவர் வந்து சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்ததாம். சனிக்கிழமைதோறும் ஆஞ்சநேயருக்குப் பூச்சரம் வாங்கிப் போடுவதும் அப்படித்தான். கூடத்தின் பழக்கம் என்று பாய் தன் காசில் வாங்கிப் போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போவார்.

ஆறு வருஷமாக அந்த பெல்ட் பொன்னுரங்கத்தின் இடுப்பில் இருந்தது. மரவாடியில் அவன் சட்டம் தூக்குகிற ஆள், அவ்வளவுதான். முதலாளிக்கு அவன் பேர்கூடச் சட்டென்று வராது. ஆனால் கூடத்து வாசலிலிருந்து மணிக்கூண்டு வரைக்கும் டீக்கடைக்காரன், சைக்கிள் கடைக்காரன், மீன்காரி எல்லாருக்கும் அவன் 'பெல்ட்டு' பொன்னுரங்கம். பெல்ட் போனால் அந்தப் பேரும் சேர்ந்து போகும். அப்புறம் வெறும் பொன்னுரங்கம். அப்படி ஊரில் எத்தனையோ பேர்.

வெள்ளைத்துரை திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். தியாகராய நகரில் மாமாவின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது இடுப்பு குச்சியாக இருந்தது. "துணி அளக்குற கோல எட்த்துக்கினு வந்துட்டியா நைனா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்ததே பொன்னுரங்கம்தான். பாரை எப்படிப் பிடிப்பது, மூச்சை எங்கே அடக்குவது என்று காட்டிக் கொடுத்ததும் அவனேதான். பையன் கற்றுக்கொண்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பங்குனியில் ஒருநாள், பொன்னுரங்கம் முக்கி முனகித் தூக்கிய எடையை, ஏதோ கடையில் மேல்தட்டிலிருந்து வேட்டிக்கட்டு எடுக்கிற மாதிரி தூக்கி நிறுத்திவிட்டு, "சரியாண்ணே?" என்று வேறு கேட்டான்.

அன்றைக்கு மேற்கொண்டு எடைப் பிளேட் போடச் சொல்ல வேண்டிய அவசியமே பொன்னுரங்கத்துக்குக் கிடையாது. ஷரீஃப் பாயும் வேணாம் என்றார். இவன் கேட்கவில்லை. வயிற்றெரிச்சலோடு குனிந்தவன் கையை நேராக வைத்து இழுக்காமல் மடக்கி இழுத்துவிட்டான். முழங்கை மடிப்பில் டப்பென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டது. "நரம்பு இல்லப்பா, இது டெண்டன், சதையை எலும்போட கட்டி வெச்சிருக்கற கயிறு" என்று டாக்டர் விளக்கினார். எந்தக் கயிறானால் என்ன, அறுந்தது அவனுடையது. ஆஸ்பத்திரிக்கு அவன் இடுப்பைச் சுற்றிக் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டு போனவன் வெள்ளைத்துரை. வழியெல்லாம் "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அந்த வலியிலும் பொன்னுரங்கத்துக்கு அவன் வாயில் ஒரு குத்துவிடலாம் போலிருந்தது.

அதற்கப்புறமும் சும்மா இருந்தானா? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் கால்வாய்க்கரைக்கு வீடு தேடி வந்தான். வெறுங்கையோடு வந்ததில்லை. முட்டை, பேரீச்சம்பழம், ஒருதரம் ஒரு செம்பு நிறைய ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெய். பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி தேவானை வாய் நிறைய, "வா தம்பி, குந்து தம்பி" என்பாள். அவன் போன பிறகு, "கூடப் பொறந்தவங்கூட இப்டி வந்து பாக்க மாட்டான்யா" என்று இவனிடமே சொல்வாள். பொன்னுரங்கம் முட்டையை மென்றான். தேவானை காட்டுகிற கரிசனமும் அந்தப் பயலுக்குத்தான், முட்டையும் அந்தப் பயலுடையதுதான், இதில் தனக்கென்று இந்த வீட்டில் என்ன மிச்சம் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தான்.

மாநிலப் போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை. எடைப்பிரிவுக்கு ஒரு ஆள்தான் கூடத்திலிருந்து போகலாம். யார் போகப்போகிறான் என்பது பச்சையாகத் தெரிந்த விஷயம். பொன்னுரங்கத்துக்கு மட்டும் தெரியவில்லை. இல்லை, தெரியும், ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் டின்னோடு நிறுத்தச் சொன்னதை விட்டுவிட்டு யாரும் பார்க்காதபோது வெறும் பாரைத் தூக்கிப் பார்த்தான். கை நடுங்கியது. நாளைக்கு நடுங்காது என்று சொல்லிக்கொண்டான். கூடத்தில் எல்லாரும் ஆணியைப் பார்ப்பார்கள், அப்புறம் இவனைப் பார்ப்பார்கள், அப்புறம் எதையாவது பேசுவார்கள். ஷரீஃப் பாய் ஒரே ஒருதரம் மட்டும், "துண்டு கட்டிக்கினு மேடைல ஏறுனா நம்ம கூடத்த பாத்து சிரிப்பானுங்கப்பா" என்று ஆஞ்சநேயரைப் பார்த்துச் சொன்னார். பொன்னுரங்கம் டின்னைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் மரவாடியில் சாப்பாட்டு நேரத்தில் அவன் கூடத்துக்கு வந்தான். சாவி நிலைப்படிக்கு மேலே இருக்கும். உள்ளே யாருமில்லை. தகரக் கூரை சூடு மண்டையில் இறங்கியது. ஒரே ஒருதரம், பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, பிளேட்டும் போட்டு, தூக்கிப் பார்த்துவிட வேண்டும். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை நான்தான். இந்த முடிவோடு அவன் ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தான்; எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவனுடைய துளை எது என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஆறு வருஷமாகக் கம்பிமுள் போய்ப் போய் நீள்வட்டமாகத் தேய்ந்த துளை. அதற்கும் உள்ளே, மூன்று விரல் தள்ளி, புதிதாக ஒரு துளை. வெட்டிய இடத்தில் தோல் இன்னும் வெளுப்பாக இருந்தது.

இவனைவிட இடுப்பு சிறுத்த எவனோ கட்டியிருக்கிறான். எவனோ என்ன எவனோ? குச்சி இடுப்புக்காரன் இந்தக் கூடத்தில் எவன்? மேலுக்குக் காசித்துண்டைக் கட்டிக்கொண்டு எல்லார் எதிரிலும் நல்லபிள்ளை வேஷம். ஆள் இல்லாத நேரத்தில் பெல்ட்டை எடுத்து அழகு பார்ப்பது. அதுவும் துளையே போட்டுக்கொண்டு! பொன்னுரங்கத்துக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. அதோடுகூட, மறைப்பானேன், அப்பாடா என்றும் இருந்தது. அந்தப் பயல்மேல் நியாயமாகக் கோபப்பட ஒரு காரணம் கிடைக்காதா என்று எத்தனை நாளாகக் காத்திருந்தான்! பாரைத் தொடவில்லை. பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினான்.

சாயந்திரம் எல்லாரும் வந்து சேரும் வரைக்கும் காத்திருந்தான். வெள்ளைத்துரை சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்ததும், பெல்ட்டை எடுத்து அவன் முகத்துக்கு எதிரே ஆட்டினான்.

"இன்னாடா இது?"

வெள்ளைத்துரையின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்ததும் பொன்னுரங்கத்துக்குச் சந்தேகமே இல்லை.

"என் பெல்ட்டுல எவன்டா ஓட்டை போட்டவன்? கேக்கறேன் இல்ல? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"நாந்தாண்ணே."

"பாத்துக்கிங்கப்பா! தொரை நம்ம கண்ணுல மண்ண தூவிட்டு பெல்ட்டு கட்டிக்கினு கீறாரு!"

"நான் கட்டலண்ணே. சத்தியமா கட்டல."

"கட்டாதவன் எதுக்குடா ஓட்டை போட்ட?"

ஷரீஃப் பாய் எழுந்து வந்தார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. "பொன்னுரங்கம், நீ கட்டிப் பாரு" என்றார்.

"நான் எதுக்கு பாய்?"

"அட, கட்டிப் பாருய்யா."

கட்டினான். பழைய துளையில் முள்ளை மாட்டிவிட்டுக் கையை எடுத்தான். பெல்ட் சரசரவென்று இறங்கி இடுப்பெலும்பில் போய்த் தொங்கியது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். கட்டோடு படுத்துக் கிடந்ததில் கை மட்டுமா இளைத்திருந்தது? கண்ணாடியில் முகம் பார்ப்பவன் இடுப்பையா பார்க்கிறான்? மெதுவாக இழுத்து அந்தப் புதுத் துளையில் மாட்டினான். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

"நீங்க திரும்பி வந்து கட்டுதப்போ லூசா இருந்தா நாலு பேரு முன்னால ஒரு மாதிரி ஆயிரும்லாண்ணே" என்றான் வெள்ளைத்துரை, தரையைப் பார்த்துக்கொண்டே. "அதான் பாய்கிட்ட கேட்டுட்டு மணிக்கூண்டுகிட்ட செருப்பு தைக்கிறவர்ட்ட கொண்டுபோனேன். கட்டு பிரிச்ச அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்கள அணைச்சுக் கூட்டியாந்தேன்லா. மொத தடவ புடிச்சதுக்கு இப்ப எம்புட்டு கொறஞ்சிருக்குன்னு கைக்குத் தெரிஞ்சுது. நாளும் துணி அளக்குத கைதானண்ணே."

எல்லாரும் பொன்னுரங்கம் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தார்கள். 'தப்பா நெனச்சுட்டேன் நைனா' என்று நாலு வார்த்தை. அதோடு பெல்ட்டை அவிழ்த்து அவன் இடுப்பில் பூட்டியிருந்தால் எவ்வளவு அழகாக முடிந்திருக்கும்! அவனுக்கு வரவில்லை. அந்தப் பயல் திருடியிருந்தால் மன்னித்திருப்பான், தோளில் கைகூடப் போட்டிருப்பான். இதை எப்படி மன்னிப்பது? பாரம் தூக்குவதிலும் என்னைவிட மேல், மனசிலும் என்னைவிட மேல் என்றால், அப்புறம் நான் எதற்காகத்தான் இருக்கிறேன்? பொன்னுரங்கம் சட்டையை எடுத்து பெல்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். ஒருவன் இடுப்பில் ஏறி அந்த பெல்ட் கூடத்து வாசற்படியைத் தாண்டிப் போனதென்றால் அது போட்டிக்குத்தான். ஒருத்தர்கூடத் தடுக்கவில்லை.

வீட்டில் தேவானை குழாயடியிலிருந்து வந்து பித்தளைத் தவலையை வாசலில் இறக்கி வைத்திருந்தாள். நிறையத் தண்ணீர். இவன் சட்டை புடைத்திருந்ததைப் பார்த்தாள்.

"இன்னாய்யா அது வவுத்துல?"

அவன் குனிந்தான். வலக்கையால் தவலையின் கழுத்தைப் பிடித்தான். பெல்ட் இடுப்பைக் கவ்வியது. பழைய தைரியம் முதுகில் ஏறியது. மூச்சை அடக்கித் தூக்கினான். தவலை தரையைவிட்டு எழும்பியது. ஒரு சாண். முழங்கை மடிப்பு நடுங்கத் தொடங்கியது, தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியது. விடமாட்டேன் என்று பல்லைக் கடித்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, வலியால் இல்லை. தேவானை எதிர்ப்பக்கம் வந்து தவலையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாக உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

நடந்ததை அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த புள்ள மேல உனக்கு பொறாமை."

"எனக்கா? அவன் மேலயா? போடி."

"ஆமாய்யா. உனக்குத்தான். பொறாமை பட்டுக்கோ, யாரு வேணான்னது? எனக்குங்கூட எதுத்த வூட்டுக்காரி காதுத் தோட்ட பாத்தா பொறாமைதான். அதுக்காக காத அறுத்து எட்த்துக்கினு வந்துட்றேனா? கூடத்து சாமான கூடத்துல குடு."

"குட்த்துட்டா அப்பால நான் யாருடி?"

தேவானை சோறு போட எழுந்துபோனாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவன் கூடத்துப் பக்கமே போகவில்லை. மரவாடியில் சட்டங்களை அளந்து சொல்கிற வேலையில் உட்கார்த்திவைத்திருந்தார்கள். தப்புத் தப்பாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்து வாசலில் ஒரு டெம்போ நின்றிருந்தது. உள்ளே எல்லாரும் கிளம்பத் தயாராக இருந்தார்கள். வெள்ளைத்துரை காசித்துண்டை மடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். பொன்னுரங்கம் வந்து நின்றான். அவன் கையில் பெல்ட் இருந்தது. தேவானை நேற்று அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே போய், "துண்ட அவுரு" என்றான்.

வெள்ளைத்துரை அவிழ்த்தான். அப்போதுதான் பொன்னுரங்கம் பார்த்தான். குச்சி இடுப்பு எங்கே போயிற்று? இத்தனை மாதமாகத் துண்டின் மடிப்புக்குள்ளே அது மரத்தூணாக வளர்ந்திருந்தது. வயிற்றின் இருபுறமும் தசை பாளம் பாளமாக நின்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தனக்கு அப்படி இருந்தது என்று நினைத்ததும் மறுபடியும் அந்த எரிச்சல், அடிவயிற்றிலிருந்து அப்படியே கிளம்பி வந்தது. இரண்டு நாளாகப் போய்விட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்.

பெல்ட்டைச் சுற்றிக் கொண்டுவந்து வளையத்தில் செருகினான். ஷரீஃப் பாய் வாய்க்குள் ஏதோ ஓதினார். பொன்னுரங்கம் வலக்கையால் இழுத்தான். முள் பழைய துளைக்கு நேரே வந்து நின்றது. நீள்வட்டமாகத் தேய்ந்த அவனுடைய துளை. பையனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. முள்ளை விட்டால் போதும், வேலை முடிந்தது.

விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான்.

வலிக்கவில்லை. முழங்கை மடிப்பில் நடுக்கம்கூட இல்லை. தவலையைத் தூக்க முடியாத கை இதை இழுக்கிறது! ஆச்சரியமாக இருந்தது அவனுக்கு. இன்னும் இழுத்தான். பழைய துளை முள்ளைத் தாண்டிப் போயிற்று. வெள்ளைத்துரையின் விலாவுக்குக் கீழே சதை பிதுங்கியது. வெள்ளையாக ஓரம் தெரிந்த புதுத் துளை வளையத்தை நோக்கி நகர்ந்து வந்தது. எதில் பூட்டுகிறானோ அதிலேதான் மேடை ஏற வேண்டும். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆனால் பூட்டுகிற நேரத்தில் மற்றவர்கள் பேசுகிற வழக்கமில்லை.

"மூச்சு வுட முடிதா?" என்று கேட்டான் பொன்னுரங்கம்.

"முடியுதுண்ணே" என்றான் வெள்ளைத்துரை. பாதிக் குரல்தான் வந்தது.

வாசலில் டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். வெள்ளைத்துரை அண்ணன் முகத்தையே பார்த்தபடி, அவனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வயிற்றை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டான். முள் இரண்டு துளைகளுக்கும் நடுவில் பெல்ட்டின் தோலில் அழுந்திக்கொண்டு நின்றது.